வாய் தெரியாத மீன்

எண்பதுகளில் விழுப்புரத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். பி.எஸ்சி. பிராக்டிகல் ஒன்றில் என் மாணவி பத்மாவதி ஃபெயிலாகப் பார்த்தாள்.

ஸ்பாட்டர் என்றால் மேசையில் நம்பர் ஒட்டி வைத்த பாட்டில். தொடக்கூடாது, உள்ளே இருப்பது என்னவென்று பார்த்து எழுத வேண்டும். அன்று ஐந்தாவது பாட்டிலில் பெட்ரோமைசான், தாடையே இல்லாத மீன். அதன் வட்ட வாயைப் பார்த்தால் யாரும் சொல்லிவிடுவார்கள். பாழாய்ப்போனவன் எவனோ வயிற்றுப் பக்கத்தைப் பின்னால் வைத்துக் கட்டித் தொலைத்திருந்தான். வாய் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

எல்லாரும் விலாங்கு என்று எழுதினார்கள். பாதிப் பேர் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம், ஆற்றில் விலாங்கு பிடித்த கைகள் ஆயிற்றே! பத்மாவதி மட்டும் சரியாக எழுதினாள். மேல்சித்தாமூர்ச் சமண வீட்டுப் பெண், தவளையை அறுக்க மாட்டேன் என்றவள். டிசெக்‌ஷனில் அவளுக்குப் பூஜ்யம். ஸ்பாட்டரும் போனால் ஃபெயில்தான்.

திண்டிவனத்திலிருந்து தேர்வு நடத்த வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அவளைக் கூப்பிட்டார்.

"வாயே தெரியல. ஒனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? யார் சொல்லிக் குடுத்தாங்க?"

சந்தேகம் என் மேல்தான் விழும். சொல்லிக் கொடுத்திருக்கக்கூடியவள் நான்தானே!

"யாரும் சொல்லலீங்க சார். மூக்கு ஓட்டை ஒண்ணுதான், நடு மண்டையில கீது. கண்ணுக்குப் பின்னால ஏழு செவுள் ஓட்டை. விலாங்குன்னா செவுளாண்ட துடுப்பு இருக்கணும், இதுக்கு இல்லீங்க."

"இதெல்லாம் எப்பப் பாத்தே?"

"இவங்கல்லாம் தவள அறுத்துக்கினு இருக்கசொல்ல, நான் நம்ம டிபார்ட்மென்ட் மியூசியத்துல பாட்டிலப் பாத்துக்கினு இருப்பேங்க."

அவர் மற்ற தாள்களைப் புரட்டினார். முதல் வரியில் விலாங்கு, அதன் கீழே அடையாளங்கள்: தாடை உண்டு, மார்புத் துடுப்பு ஒரு ஜோடி உண்டு. பத்மாவதியின் தாளில் அடையாளங்கள் முதலில் இருந்தன, பெயர் கடைசியில். அவர் எழுந்துபோய்ப் பாட்டிலைக் குனிந்து பார்த்தார்.

"அடப்பாவிகளா! இல்லாத துடுப்ப இத்தனை பேர் எழுதியிருக்கானுங்களே! சரி, நீ போம்மா."

முழு மார்க் போட்டார். தட்டுத்தடுமாறி பாஸானாள். எனக்குப் பெற்ற மகள் பாஸான சந்தோஷம்.

அதன் பிறகு என் லேபில் அடையாளங்களை எழுதி முடிக்காமல் பெயரை எழுத யாரையும் விட்டதில்லை. பெயர் மனதில் விழுந்துவிட்டால், கண் துடுப்பைக்கூட முளைக்க வைத்துவிடும்.