ஏழாம் நம்பர் தொட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூர்ப் பக்கம் ஒரு பயிர் நோய் ஆபீஸில் தினக்கூலிக்கு இருந்தேன். தட்டைப்பயறில் வேர் அழுகிச் செடி சாகிற நோய். எந்த ஊர்ப் பூஞ்சைக்குக் கொல்லும் வேகம் அதிகம் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. நான் ஊர் ஊராகப் போய்ச் செத்த செடியை வேரோடு தோண்டி வருவேன். ஆபீஸர் சார் அதிலிருந்து பூஞ்சையைப் பிரித்து, ஈரச் சோளமும் மணலும் போட்ட பாட்டிலில் வளர்ப்பார். அதைத் தொட்டி மண்ணில் கலந்து பயறு ஊன்றுவோம். எத்தனை கன்று சாகிறது என்று எண்ணுவோம். தொட்டியில் நம்பர் மட்டும்தான் இருக்கும். எந்த நம்பர் எந்த ஊர் என்பது என் நோட்டில் இருக்கும்.

ஏழாம் நம்பர் எங்கள் அம்மாவின் கொல்லை. இதை நான் சாரிடம் சொல்லவில்லை.

அப்பா போனபிறகு, ஜெயங்கொண்டம் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு புன்செய்க் கொல்லையை, விளைச்சலில் பங்கு தருகிற வாரத்துக்குப் பிடித்து அம்மா பாடுபட்டுக்கொண்டிருந்தாள். முந்தின வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. இந்தப் போகமும் படுத்துவிட்டால் வேறு ஆளுக்கு மாற்றிவிடுவேன் என்று நிலத்துக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து, கொல்லையின் ஒரு மூலையில் பத்துப் பதினைந்து தட்டைப்பயறுச் செடி மஞ்சளடித்துத் தலை தொங்கியது. நானே தோண்டிக்கொண்டு வந்து மற்றதோடு சேர்த்துவிட்டேன். சோப்ளாங்கிப் பூஞ்சையாக இருந்தால் அந்த மூலையோடு போய்விடும். கொடியதாக இருந்தால் கொல்லையே போச்சு.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீஸ் திறக்கும் முன்பே போய்த் தொட்டி முன்னால் குந்திக்கொள்வேன். ஏழில் கன்று முளைத்தபோது நெஞ்சு ஆறியது. பாழாப்போன சந்தோஷம், நாலு நாள்கூட நிற்கவில்லை. ஒன்று சாய்ந்தது. மறுநாள் மூன்று. தண்ணீர் பற்றவில்லையோ என்று, யாருக்கும் தெரியாமல் ஏழுக்கு மட்டும் ஒரு டம்ளர் கூடுதலாக ஊற்றினேன். சோதனைத் தொட்டிக்கு அப்படிச் செய்யலாமா? செய்தேன். ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. அதேபோல் மொத்தமாகச் செத்தது மூன்றாம் நம்பர் மட்டும்தான். அது கீழப்பழுவூர்.

சார் இரண்டு தொட்டிச் செடியையும் பிடுங்கி அடித்தண்டைக் கீறினார். இரண்டிலும் உள்ளே கரித்தூள் தூவியதுபோல் ஒரே கறுப்பு. மற்ற எந்த ஊரிலும் அப்படி இல்லை. மைக்ராஸ்கோப்பிலும் வைத்துப் பார்த்துவிட்டு நோட்டைக் கேட்டார்.

“ரெண்டும் ஒண்ணேதான்யா. அங்கேருந்து இங்க எப்படிப் போச்சு? நடுவுல யார் போயிட்டு வந்தா?”

கீழப்பழுவூரில் தோண்டிய அன்று, மறுநாள் ஞாயிறுதானே என்று ஆபீஸுக்குத் திரும்பாமல் நேரே ஊருக்கு பஸ் ஏறினவன் நான். விடிந்ததும் அம்மாவோடு களை வெட்டினேன். வீட்டுக் களைக்கொத்து ஒன்றுதான் உருப்படி, அது அம்மா கையில். ஆபீஸ் களைக்கொத்து புதுசு, நல்ல கூர். ஒவ்வொரு ஊரிலும் தோண்டி முடித்ததும் அதை மருந்துத் தண்ணீரில் கழுவச் சொல்லி சார் தலைபாடாக அடித்துக்கொள்வார். பழுவூர் மண் ஒட்டியிருக்க, அப்படியே போட்டு வெட்டினேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும். தெரியலைங்க சார் என்றேன்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது, நான் களை வெட்டின பக்கமெல்லாம் காய்ந்து கிடந்தது. அம்மா வெட்டின பக்கம் பச்சை. நிலத்துக்காரர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அம்மா பதறிப்போய், நல்ல விதைதான் போட்டேன், களை எடுத்தேன், ஒரு குறை வைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது.

“எம்மவன் இந்த நோவு பாக்குற ஆபீஸ்லதாங்க இருக்கான். அவனையே கேளுங்க, எம்மேல தப்பு இருக்கான்னு.”

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும், அம்மா முகத்திலும் முழிக்க முடியாது. “அம்மா மேல தப்பு இல்லீங்க. மண்ணுதான் சரியில்லீங்க” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. குனிந்து காலடி மண்ணை அள்ளிப் பார்த்தார். “படிச்ச புள்ள சொல்லுது. சரியில்லாத மண்ணுல நீ எதுக்கும்மா கெடந்து கஷ்டப்படுற? விட்டுடு.”

அடுத்த வருஷம் அந்தக் கொல்லையில் வேறு ஆள் கம்பு விதைத்தார். பயறைக் கொன்ற பூஞ்சை கம்பை ஒன்றும் செய்யவில்லை, நன்றாக விளைந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அம்மா நின்று பார்ப்பாள். மண்ணு நல்லாத்தானேடா இருக்கு என்று என்னிடம் கேட்பாள்.