சித்தப்பா என்று கூப்பிட்ட அக்கா

என் அக்கா எங்கள் அப்பாவைச் 'சித்தப்பா' என்றுதான் கூப்பிட்டாள். எனக்கு அதில் பரம சந்தோஷம்.

அவள் பிறந்தது ரங்கூனில். அப்பா அப்போது அங்கே ஒரு மரக்கடையில் வேலை பார்த்தார். அவளுக்கு இரண்டு வயது இருக்கும்போது, என்னை வயிற்றில் சுமந்துகொண்டு அம்மா அப்பாவோடு ஊர் திரும்பினாள். ரங்கூனிலேயே இருந்த அம்மாவின் அக்காவுக்குப் பிள்ளை இல்லை. குழந்தையை விடமாட்டேன் என்று அழுது மடியிலேயே வைத்துக்கொண்டாளாம். ஆகவே அக்காவுக்குப் பெரியம்மாதான் அம்மா, பெரியப்பாதான் அப்பா. பெற்றவர்கள் சித்தியும் சித்தப்பாவும் ஆகிவிட்டார்கள். நான் குறிஞ்சிப்பாடியில் பிறந்தேன். பிறகு அப்பாவுக்கு நெய்வேலி சுரங்கத்தில் வேலை கிடைத்து, பர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸும் கிடைத்தது. பத்து வயது வரைக்கும் அந்த வீட்டில் நான் ஒரே பிள்ளை. ராணி மாதிரி இருந்தேன் என்று சொன்னால் அம்மா சிரிப்பாள். ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

அறுபதுகளின் நடுவில் பர்மாவிலிருந்து நம் சனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தார்கள். பெரியப்பா அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்ததால் அங்கேயே தங்கிவிட்டார். பெரியம்மாவும் அவரோடு இருந்துவிட்டாள். பெண்ணை மட்டும் தெரிந்த குடும்பத்தோடு அனுப்பிவைத்தார்கள். பன்னிரண்டு வயதில், ஒரு தகரப் பெட்டியோடு அக்கா எங்கள் பிளாக்குக்கு வந்து இறங்கினாள். என்னைவிடச் சிவப்பு, என்னைவிட நீள முடி. பார்த்தவுடனே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் வந்த பிறகுதான் தொல்லை தெரிந்தது. அவள் எந்த நாட்டுக்காரி? பெரியப்பா மகள் என்றால் வெளிநாட்டுக்காரி. அப்பா மகள் என்றால் எங்கே பிறந்திருந்தாலும் இந்தியாக்காரி. இவ்வளவுதான் விஷயம், ஆனால் அதை எழுத்தில் காட்ட வேண்டும். அவள் கொண்டுவந்த பிறப்புச் சீட்டு முழுக்க வட்ட வட்டமாகப் பர்மா எழுத்து. படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துக் காட்டினால், பெயர் மட்டும்தான் இருக்கிறது, தகப்பன் பெயரைக் காணோம் என்றார். அந்த ஊரில் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடும் வழக்கமே கிடையாதாம். என் நோட்டுப் புத்தகத்தில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து இருந்தது. அன்று சாயங்காலம் எல்லா நோட்டிலும் அந்த எழுத்தைப் பெரிதாக்கி, மேலே இன்னொரு முறை மை ஓட்டினேன்.

"திருப்பி அனுப்பிடுவாங்களோ?" என்று அம்மா அடுப்படியில் நின்று அழுவாள். அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். மனு எழுதினார், சத்தியப் பத்திரம் எழுதினார். 'இவள் என் மகள்' என்று எத்தனை இடத்தில் கையெழுத்துப் போட்டாரோ தெரியாது. எனக்காக அவர் ஒரு தாளில்கூட அப்படி எழுதியதில்லை. போட்டோ எடுக்க அவளைக் கடலூருக்குக் கூட்டிப் போனார். எனக்குப் பக்கோடா வாங்கி வந்தார்கள். வேண்டாம் என்று சொன்னேன். அரைமணி நேரம் பிடிவாதமாக இருந்துவிட்டுத் தின்றேன்.

தாலுக்கா ஆபீஸிலிருந்து விசாரிக்க ஆள் வருவார் என்று தெரிந்ததும் அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது.

"அவரு முன்னால சித்தப்பான்னு கூப்ட்டுத் தொலைச்சுடாதம்மா. அப்புறம் நம்மள யாரு நம்புவாங்க?" என்று அக்காவிடம் கெஞ்சினாள். என் பக்கம் திரும்பி, "நீ கொஞ்சம் பழக்கிக் குடுடி" என்றாள்.

நல்ல ஆளிடம் ஒப்படைத்தாள்! பாயில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "உனக்கு வராது, விட்டுடு" என்றுதான் நான் பாடம் நடத்தினேன். ஒரு தரம் அப்பா வேலை முடிந்து வந்தபோது அவள், "அப்..." என்று ஆரம்பித்தாள். என்னைப் பார்த்தாள். "சித்தப்பா, தண்ணி வேணுங்களா?" என்று முடித்தாள். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

விசாரணைக்காரர் ஒரு காலையில் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, அக்காவை வேண்டுமென்றே கேட்காமல் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தப் பொண்ணு உனக்கு என்ன வேணும் பாப்பா?"

அக்கா என்று ஒரு சொல் சொன்னால் போதும். அம்மா கதவோரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடலூர் போட்டோ ஞாபகம் வந்தது. அதற்காக அவள் உடுத்திய புதுத் தாவணி ஞாபகம் வந்தது.

"பெரியம்மா பொண்ணு" என்றேன்.

அவர் பேனா நின்றது. அப்பா முகம் செத்துப்போனது. "அது சின்னப் பிள்ளைங்க..." என்று அம்மா ஏதோ சொல்ல வர, விசாரணைக்காரர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா. இவரை எப்படிக் கூப்பிடுவ?"

"சித்தப்பான்னுங்க" என்றாள் அவள். பொய் சொல்லவே தெரியாதவள்.

"அப்ப உங்கப்பா யாரு?"

"இவருதாங்க. வளத்த அம்மா கப்பலேத்தும்போதே சொல்லித்தான் அனுப்பிச்சாங்க." என்னை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு, "அப்பான்னு கூப்பிடணும்னு எனக்கும் ஆசைதாங்க. கூப்பிட வாயெடுத்தாலே தங்கச்சிக்கு மூஞ்சி சுண்டிப் போவுது. அதான் சித்தப்பான்னே கூப்ட்டுகினு கெடக்கேன்" என்றாள்.

விசாரணைக்காரர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் அப்போது எல்லாமே எழுதியிருந்திருக்க வேண்டும். பர்மாச் சீட்டையும் சத்தியப் பத்திரத்தையும் விட அது அவருக்குப் பெரிய சாட்சியாகிவிட்டது போல. லேசாகச் சிரித்துக்கொண்டு, "கூடப் பொறந்ததுங்கதான், சந்தேகமே இல்ல" என்று சொல்லி எழுத ஆரம்பித்தார்.

அவர் போனதும் என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அப்பா வாசற்படியில் உட்கார்ந்து, மத்தியான ஷிப்டுக்காகக் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அவமானம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். நல்லவள் என்ற பெயரையும் அவளே தட்டிக்கொண்டு போய்விட்டாளே!

"கூப்பிட்டுத் தொலையேன். நானா வாயைப் பொத்தினேன்?" என்று அவளிடம் சீறினேன்.

அவள் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத்தான், கூப்பிட்டாள்.

"அப்பா."

அப்பா குனிந்தபடியே, திரும்பிப் பார்க்காமல், "என்னா கண்ணு?" என்றார்.

கண்ணு என்று அவர் கூப்பிடுவது என்னை. அவளை 'வாம்மா, போம்மா' என்பதோடு சரி. கூப்பிட்டது நான்தான் என்று அப்பா நினைத்துவிட்டார். எங்கள் இருவருக்கும் ஒரே குரல் என்பது அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது.

கயிற்றைப் பிடித்தபடியே அவர் திரும்பினார். நின்றது யார் என்று பார்த்தார். கயிறு அவர் கையிலிருந்து நழுவியது. அவளை அப்போது பார்த்த மாதிரி அவர் என்னை ஒரு நாளும் பார்த்ததில்லை.