எதிரே உட்கார்ந்து படித்தவள்

டத்தோ கிராமாட்டில் நாங்கள் குடியிருந்த காலத்தில், பொழுது சாய்ந்தால் எனக்கு இடுப்பு விட்டுப்போகும். அடுப்பு, துணி, கைக்குழந்தை, அதற்கு மேல் பெரியவனுக்குப் பாடம். வீட்டில் இருந்தது ஒரே ஒரு பாடப்புத்தகம். அதை அவன் முன்னால் தரையில் விரித்து, விரல் வைத்து வாசிக்கச் சொல்வேன். அவனுக்கு எதிரே உட்கார்ந்து என் மகள் தம்பியின் தூளியை ஆட்டிக்கொண்டிருப்பாள். சின்னவன் அழாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும்.

அவளுக்கு ஏழு வயதானதும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். துறைமுகக் கிடங்கில் வேலை முடித்து அலுத்து வந்திருந்த என் வீட்டுக்காரர், தினமும் பாடத்தின்போது கூடத்தானே உட்காருகிறாள், நாலு வரி வாசிக்கட்டும், பார்க்கலாம் என்றார். வாசிக்காவிட்டால் வீட்டோடு இருந்து தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புத்தகத்தை அவள் மடியில் வைத்தோம். முதல் எழுத்துகூட வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. இத்தனை நாளும் காதில் பஞ்சா வைத்திருந்தாய் என்று திட்டித் தீர்த்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கக் கடைக்குக் கிளம்பினார்.

"விடு லா. பிள்ளையோட போயி மல்லுக்கு நிக்கிறே" என்றார்.

புத்தகத்தைப் பிடுங்கி என் மடியில் போட்டுக்கொண்டேன். என் முன்னால் உட்கார்ந்திருந்தவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அதைப் பார்த்துக் கடகடவென்று வாசிக்க ஆரம்பித்தாள்.

மனப்பாடமாக இருக்கும் என்று சொல்லி, வாசல்வரை போன அவர் திரும்பி வந்து பத்திரிகையை எடுத்து அவள் முன்னால் நேராகப் பிடித்தார். ஓர் எழுத்தும் வரவில்லை. தலைகீழாகத் திருப்பினார். தட்டுத் தடுமாறினாலும் வரி வரியாக வந்தது. அண்ணன் விரல் நகர்ந்ததை எதிர்ப்பக்கத்திலிருந்தே பார்த்துப் படித்தவளுக்கு, எழுத்து என்றாலே தலைகீழாகத்தான் தெரிந்திருக்கிறது.

"ஒரு நாளாவது இந்தப் பக்கம் வந்து பாத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் அண்ணனுக்கு மட்டும்னு நெனச்சேம்மா."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். நாளைக்கே அவளைக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிடு என்றார்.

திங்கட்கிழமை அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பினேன். உலை வைக்கும்போது சின்னவன் அழ ஆரம்பித்தான். பாப்பா, தம்பியை ஆட்டு என்று பழக்கத்தில் குரல் கொடுத்துவிட்டேன். பிறகு அரிசி களைந்த ஈரக்கையோடு நானே போய்த் தூளிக்கயிற்றைப் பிடித்தேன்.