ஓட்டை மாஸ்டரும் நாலரை அங்குலச் சுவரும்

இந்தப் பூமியில் மனிதர்கள் இன்னும் எண்ணெய்ப் புகையில் மூச்சுமுட்டிச் சாகாமல் இருப்பதற்கு ஒரே காரணம் ஓட்டை மாஸ்டர்தான். அவர் டிரில் மெஷினைத் தூக்கினால் மலைகள் தாமாகவே விலகி வழிவிடும். சூரியன்கூட அவர் போட்ட ஓட்டை வழியாகத்தான் காலையில் முதலில் எட்டிப் பார்க்கும்.

வேலை என்னவோ சின்னதுதான். சமையலறைச் சிம்னி உறிஞ்சும் புகை வெளியேற, வெளிச்சுவரில் ஆறு அங்குல வட்டமாக ஓட்டை போட வேண்டும். மழைத்தண்ணீர் உள்ளே வராதபடி புகைக்குழாயை வெளிப்பக்கம் கொஞ்சம் சரித்துச் செருக வேண்டும். ஆனால் இந்த மாவீரருக்கு இருபது வருஷமாக ஒரே பயம். வெட்டுப்பட்ட சுவர்த்துண்டு வெளியே நழுவி யார் தலையிலாவது விழுந்துவிட்டால்? அதனால் எங்கே வேலை என்றாலும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போவார். அவள் கீழே சிவப்புத் துணியோடு நின்று ஆட்களை விலக்குவாள். கடைசி இரண்டு அங்குலம் இருக்கும்போது மாஸ்டர் போன் பண்ணுவார்.

"போடலாமா?"

"போடுங்க."

அதற்குப் பிறகுதான் மெஷின் மறுபடி ஓடும்.

அன்று நாலாவது மாடி. வீட்டுக்கார அம்மா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என்ன மாஸ்டர், ஒரு ஓட்டைக்கு ஒரு நாளா? எலிகூட இந்நேரம் போட்டிருக்குமே!"

"எலி, கீழ யாரு நிக்கிறாங்கன்னு பாக்காதும்மா."

கூடத்துச் சுவர் ஒன்பது அங்குலம் இருந்தது. சமையலறையும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி, சுவரை வட்டமாக வெட்டும் டிரில் குழாயில் ஏழாவது அங்குலத்தில் டேப் ஒட்டினார். கட்டியவர் யாரோ சமையலறைக்கு மட்டும் சிக்கனம் பார்த்து நாலரை அங்குலத்தில் சுவர் எழுப்பியிருந்தது அவருக்குத் தெரியாது. மனைவி கீழே தன் இடத்துக்குப் போய்விட்டாளா என்று கேட்கப் போன் அடித்தார். எடுக்கவில்லை. டேப் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மெஷினை ஓட்டினார்.

டேப்புக்கு இன்னும் மூன்று விரல் இருக்கும்போதே மெஷின் சட்டென்று அவரை முன்னால் இழுத்தது. ஓட்டையில் வெளிச்சம். கீழே 'தொப்'.

மாஸ்டர் ஜன்னலுக்கு ஓடினார். ஜன்னலில் கம்பி, தலையை நீட்ட வழியில்லை. ஓட்டையில் வாயை வைத்து, "ஏம்மா! ஏம்மா!" என்று கத்தினார். பதில் இல்லை. போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது.

லிஃப்ட் இருப்பதையே மறந்து படியில் ஓடினார். ஒவ்வொரு திருப்பத்திலும் மறுபடி அடித்தார். 'தலை வலிக்குதுங்க, இன்னைக்கு மகளைக் கூட்டிட்டுப் போங்களேன்' என்று காலையில் கேட்டாளே. 'அந்த வாலு நின்னா ரோட்டையே ஏலம் விட்டுடும்' என்று இவர்தான் இழுத்து வந்தார். தலைவலியோடு நிற்க வைத்து, அந்தத் தலையிலேயே…

கீழே சிவப்புத் துணி தரையில் கிடந்தது. அதன் மேலேயே சுவர்த்துண்டு, இரண்டாகப் பிளந்து. மனைவியைக் காணோம். மாஸ்டர் வேகமாகக் கிட்டே போனார். குனிந்து துணியைத் தொட்டுப் பார்த்தார். எது துணியின் சிவப்பு, எது வேறு சிவப்பு என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

"என்னங்க, இங்க ஒரு ஆடு மாட்டிக்கிட்டுக் கத்துது!"

நிறுத்தியிருந்த வேனுக்கு அடியிலிருந்து மனைவி தவழ்ந்து வந்தாள். முட்டியெல்லாம் மண். "துணியப் போட்டுட்டு வந்து எவ்வளவு நேரமாத் தேடுறேன், கண்ணுலயே படமாட்டேங்குது. இப்பக்கூட எங்கேயோ தொப்புன்னு குதிச்சுதே?"

மாஸ்டர் கையில் போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அவள் கைப்பைக்குள் ஆடு கத்திக்கொண்டிருந்தது.

அவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கார அம்மா தண்ணீர் கொண்டு வந்தபோது, டம்ளரைப் பிடிக்க ஒரு கையையாவது விடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது.

இப்போதெல்லாம் முதலில் பென்சில் கனத்துக்கு ஒரு துளை போட்டு, நுனி வளைத்த கம்பியால் சுவரின் தடிமனை அளக்கிறார். மனைவி போனை எடுக்காவிட்டால் மெஷினைத் தொடுவதே இல்லை. ஆட்டுச் சத்தத்தை மட்டும் மாற்றவில்லை. அவர் கூப்பிட்டால் ஆடு கத்தும்படி அந்தப் போன் எப்படியோ மாறியிருந்தது.

இதுவரை நான் எழுதியதை மாஸ்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். மலை விலகியதற்கும் சூரியன் எட்டிப் பார்த்ததற்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'எப்படியோ' என்ற இடத்தில் மட்டும் விரல் நின்றது.

"ஏன்டி வாலு, இந்த எப்படியோவுக்குப் போன மாசம்தானே பதினஞ்சு வயசு முடிஞ்சுது?"