கிள்ளான் பஸ் நிலையத்தில் ஒரு செம்புத் தண்ணீர்

கிள்ளான் பஸ் நிலையம். காலை ஏழு மணி. ஜெஞ்சாரோம் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்து இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் போகும் பஸ்ஸுக்கு நிற்கிறோம். பத்தரைக்கு அங்கே கோவிலில் மகளுக்குக் கல்யாணம். அவள் நேற்றே அங்கிருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் பட்டு வேட்டியோடு, தலையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கை நடுங்குகிறது. அந்தக் கையால்தான் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும்.

தேத்தண்ணிக் கடை அக்கா எட்டிப் பார்க்கிறாள்.

“நேத்து என்ன குடிச்சாரு? பீரா?”

“சம்சு,” என்கிறேன். எஸ்டேட்டுக் கடையில் விற்கும் மலிவுச் சாராயம்.

“போச்சு லா! பீருன்னா இந்நேரம் தெளிஞ்சிருப்பாரு. சம்சு சுத்தமா வடிக்காத சரக்கு. அந்தக் கசடு ஒடம்ப விட்டுப் போற வரைக்கும் மண்டை இடிக்கும். எங்க வீட்டு ஆளும் அதைத்தான் குடிச்சாரு, எனக்குத் தெரியாதா?”

“இன்னும் ஒரு வாய் ஊத்தினா கை நின்னுடும் அக்கா,” என்கிறார் இவர்.

“நிக்கும் அண்ணே. மணவறையில மறுபடி ஆடும்.”

தாரை வார்க்க வாங்கிய புதுச் செம்பைப் பையிலிருந்து எடுக்கிறேன். அக்கா ஆறின வெந்நீரை நிரப்பித் தருகிறாள். இவர் இரண்டு கையையும் சேர்த்து நீட்டுகிறார். ஊற்றுகிறேன். பாதி வேட்டியில் சிந்துகிறது. மீதியைக் குடிக்கிறார்.

பஸ் இன்னும் வரவில்லை. செம்பை மறுபடி நிரப்பி வாங்குகிறேன்.

“மணவறையிலயும் ஊத்தப்போறது நான்தான். கைய நீட்டுங்க.”