படி இல்லாத வாசல்

அப்பா பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சமயத்தில்தான் அம்மா வீட்டுத் தரையைச் சரிசெய்தே தீருவேன் என்று கிளம்பினாள். உறவுக்காரர்கள் யாருக்கும் அது பிடிக்கவில்லை. புருஷன் பாண்டிச்சேரியில் கிடக்கிறான், இவள் வீட்டுக்கு மராமத்து பார்க்கிறாளாம் என்று என் காதுபடவே பேசினார்கள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு.

தியாகதுருகத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கரும்புக் கொல்லைகளை ஒட்டி எங்கள் வீடு. அப்பா டிராக்டர் ஓட்டினார். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும்போது ஒரு வளைவில் வண்டி கவிழ்ந்து முதுகெலும்பில் அடி. அவர் இனி எழுந்து நடக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னது அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். என்னிடம், அப்பா காலில் கட்டுப் போட்டிருக்கிறது என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

பெரியப்பா நல்ல மனிதர். "தம்பி எங்க வூட்லயே இருக்கட்டும்மா. முன்ரூம்ல ஒரு கட்டில் போட்டுட்டா போதும். சோறு தண்ணி எல்லாம் அங்கயே குடுத்துடலாம்" என்றார்.

"வேணாங்க மாமா. அவரு அவரு வூட்டுக்குத்தான் வரணும்" என்றாள் அம்மா.

ஆனால் வீடு இருந்த லட்சணம் மோசம். பின்னறை ஒரு மூலையில் அமுங்கிப்போய், சுவரில் என் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. தரை ஓர் இடத்தில் மேடு, ஓர் இடத்தில் பள்ளம். அறைக்கு அறை தடுக்கிவிடும் நிலைப்படி. வாசலில் மூன்று படிகள்.

முதலில் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு கான்ட்ராக்டர் வந்தார். செருப்பைக் கழற்றாமலே வீட்டைச் சுற்றிவந்து, மொத்தத்தையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொன்னார். அடுத்து வந்தவர் சிரித்த முகத்துக்காரர். "மேல கலவையக் கொட்டி டைல்ஸ் ஒட்டிடலாம்மா. உள்ள இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். "தரைக்குத் தெரியும் இல்ல" என்று சொல்லி அம்மா அவரையும் அனுப்பிவைத்தாள்.

மூன்றாவதாக வந்த மேஸ்திரிக்குப் பெருமை ஜாஸ்தி. இந்தப் பக்கம் நிற்கிற நல்ல கட்டடம் எல்லாம் தன் கைவேலை என்பார். நாளைக்கு வருகிறேன் என்றால் நாளைக்கு மட்டும் வரமாட்டார். ஆனால், குளிக்கிற தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டது அவர் ஒருவர்தான். அது சுவரோரமாகவே ஊறிக் களிமண்ணை இளக்கிக்கொண்டிருந்தது. அம்மா அவருக்கே வேலையைக் கொடுத்தாள்.

சுவரின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி, ஜல்லியும் கம்பியும் போட்டு அஸ்திவாரத்தைத் தாங்கவைத்தார்கள். தண்ணீருக்குக் குழாய் பதித்துத் தெருப்பக்கம் திருப்பினார்கள். பழைய தரையைப் பெயர்த்து, கிராவல் மண் நிரப்பித் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தினார்கள். வீடு முழுக்கப் புழுதி. எனக்கோ திருவிழா மாதிரி இருந்தது.

தகராறு வாசலில் வந்தது. பழைய படிகளை எடுத்துவிட்டுச் சரிவாக ஒரு தளம் வேண்டும், உள்ளே எந்த அறைக்கும் நிலைப்படி கூடாது என்றாள் அம்மா. மேஸ்திரிக்குத் தாங்கவில்லை.

"இன்னாம்மா பேசறீங்க? படி இல்லாத வூடு எங்கனா உண்டா? மழ பேஞ்சா தண்ணி நேரா உள்ள வந்து குந்திக்கும். நாளைக்கு ஊர்ல என்னத்தான கேப்பாங்க?"

"தண்ணி வராத மாதிரி கட்டிக் குடுங்க மேஸ்திரி."

ஏன் என்று அவரும் கேட்டார். அம்மா சொல்லவில்லை. யாரிடமும் அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு இன்னும் மனசு வரவில்லை.

ஒரு நாள் அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் பெரியம்மாவோடு வாசலில் நின்றிருந்தேன். மேஸ்திரி பழைய படிகளை எடுத்துவிட்டு, அதே இடத்தில் அழகாகப் புதுப்படிகள் கட்டி, ஈரம் காயும்முன் மேல்பூச்சு பூசிக்கொண்டிருந்தார். அம்மா நன்றி சொல்வாள் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும்.

அம்மா கைப்பையை என்னிடம் கொடுத்தாள். ஓரமாகக் கிடந்த கடப்பாரையை எடுத்தாள். ஒரே குத்து. பச்சைக் கலவை பொலபொலவென்று உதிர்ந்தது.

"யம்மா! பைத்தியமா புடிச்சிக்கிச்சு உங்களுக்கு?" என்று மேஸ்திரி கத்தினார்.

அம்மா நிறுத்தவில்லை. கடைசிப் படி உடைந்தபிறகு அவர் பக்கத்தில் போய், எனக்குக் கேட்காதபடி ஏதோ சொன்னாள். ரொம்ப நேரம் இல்லை. மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். 

மறுநாள், சொல்லாமலே, விடிந்ததும் வந்துவிட்டார். வாசலில் பலகைகளைச் சாய்த்துப் போட்டு, மண் அள்ளுகிற தள்ளுவண்டியில் சாக்கை விரித்தார்.

"பாப்பா, ஏறிக் குந்து."

என்னை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினார். நான் கத்திக் கும்மாளம் போட்டேன். அவர் சிரிக்கவே இல்லை. "இது ரொம்ப செங்குத்து. கையால உருட்டிக்கினு ஏறணும்னா இன்னும் நீட்டமா வரணும்" என்றார். பாத்ரூம் வாசலில் வண்டி இடித்தது. "இந்த நிலைய எடுத்துட்டு அகலம் பண்ணிடலாம்மா." பக்கத்திலேயே நடந்துவந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். எனக்காகத்தான் இந்த விளையாட்டு என்று நினைத்து, இன்னொரு சுற்று கேட்டேன். அவரும் சுற்றினார்.

மழைக்கும் அவரே வழி கண்டுபிடித்தார். வாசலுக்குக் குறுக்கே சின்னதாக வாய்க்கால் எடுத்து, மேலே இரும்புச் சல்லடை பதித்தார்.

அப்பா வேனில் வந்து இறங்கினார், சக்கரம் வைத்த நாற்காலியில். கட்டுப் பிரித்தபிறகு அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். பெரியப்பாவும் மேஸ்திரியும் தூக்குவதற்கு ஓடிவந்தார்கள். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

அப்பா வாசலையே பார்த்தார். "இன்னா இது, படியக் காணோம்?"

"மேஸ்திரி மறந்துட்டாரு" என்றாள் அம்மா.

விபத்துக்குப்பிறகு அப்பா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சக்கரங்களைப் பிடித்து உந்தினார். பாதியில் நாற்காலி கொஞ்சம் பின்னால் நழுவியது. அம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். உதவி செய்யாமல் நிற்கிறாளே என்று எனக்குக் கோபமாக வந்தது. அப்பா மூச்சை இழுத்து மறுபடி உந்தினார். ஏறிவிட்டார். நடுக்கூடத்தைக் கடந்து, எங்கும் தடுக்காமல் நேராக அடுப்படிக்குப் போனார். அங்கிருந்து, முன்பு வேலை முடிந்து வரும்போதெல்லாம் கேட்கிற மாதிரியே, சட்டியின் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"இன்னா கொழம்பு இன்னிக்கு?"

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "கருவாட்டுக் கொழம்புப்பா" என்று நான்தான் சொன்னேன். குழம்பு என்ன என்று கேட்டதற்கு ஒருத்தி எதற்கு இப்படி அழ வேண்டும் என்று எனக்குப் புரியவே இல்லை.