வெள்ளைக் கைலியும் ஒரு நிக்காஹும்

புராஸ்டேட்டை எடுத்து, மூத்திர டியூபையும் கழற்றிய அன்று தஞ்சாவூர் டாக்டர், "கொஞ்ச நாள் ஒழுகும், பயப்படாதீங்க" என்றார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. துபாயில் இருபது வருடம் முதலாளிகளிடம் மல்லுக்கு நின்றவன், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதம் கழித்தும் இருமினால் போனது, தும்மினால் போனது, தரையிலிருந்து எழுந்தால் கட்டாயம் போனது.

மகளின் நிக்காஹுக்கு ஆறு வாரம் இருந்தது. எங்கள் வழக்கத்தில் பெண்ணின் தகப்பன் முதலில் வீட்டில் சாட்சிகளோடு மகளிடம் சம்மதம் கேட்டு, அப்புறம் பள்ளிவாசலில் மாப்பிள்ளைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்து, மகளைக் கொடுத்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். பிறகு எழுந்து அவரைக் கட்டித் தழுவ வேண்டும். முடியாதவர் இன்னொருவரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம். நான் தம்பியிடம் ஒப்படைக்க முடிவு செய்தேன். காரணம் கேட்டவர்களிடம் முட்டி வலி என்றேன். என் முட்டிக்கு ஒரு குறையும் இல்லை.

டயப்பர் வாங்க நாகூர் வரை போனேன். வெளியூர்க்காரர்கள் எங்கள் காரைக்காலுக்கு வந்து மலிவு விலையில் மது பாட்டில் வாங்கி, சட்டைக்குள் மறைத்துக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போவார்கள். நான் எதிர்த்திசையில் டயப்பரை மறைத்துக்கொண்டு வந்தேன். "காரைக்கால்ல மருந்துக்கடையே இல்லையா?" என்று மனைவி கேட்டாள். ஈரம் தெரியாது என்று கல்யாணத்துக்குக் கறுப்பு பேண்ட் போட்டுக்கொள்ளச் சொன்னாள். வெள்ளைக் கைலி கட்டாமல் மகளைக் கொடுக்கிறவன் நானில்லை என்று கத்தினேன். கொடுக்கப்போவதே தம்பிதான் என்பது கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது.

துணி மடித்துக்கொண்டிருந்த மகளிடம் அன்று மாலையே சொன்னேன். "சம்மதம் கேக்க நான் வருவேம்மா. கொடுக்கறது சாச்சா."

அவள் நிமிரவில்லை. "அப்ப சம்மதம் கேக்கவும் சாச்சாவையே அனுப்பிடுங்க வாப்பா."

நாக்கு அப்படியே என்னுடையது. யாரைக் குறை சொல்வது?

மறுநாள் காலை பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் போனேன். சுத்தமில்லாத உடம்போடு வரக்கூடாது என்று நானே சட்டம் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக்கூடப் போகாமல் இருந்தேன். முட்டி வலி என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, உண்மையைச் சொன்னேன்.

"தொழுகைக்கு மாதிரி கை கால் முகம் கழுவி ஒளு செய்யறது நிக்காஹுக்குக் கட்டாயமில்லைங்க. விரிப்புல படாம கட்டிக்கிட்டு வாங்க. தொழுகைக்கும் சலுகை இருக்கு. நேரம் வந்ததும் சுத்தம் பண்ணி, புதுசா கட்டிக்கிட்டு, ஒளு செஞ்சு, உடனே தொழுதுடுங்க" என்றார். பிறகு சிரித்தார். "இந்த வருஷம் இதைக் கேட்ட நாலாவது ஆள் நீங்க. எல்லாரும் முட்டி வலின்னுதான் ஆரம்பிச்சாங்க."

அந்த வெள்ளிக்கிழமையே தொழப் போனேன். டயப்பரை எங்கள் தெரு மருந்துக்கடையிலேயே சத்தமாகக் கேட்டு வாங்கினேன். ஆஸ்பத்திரி பிசியோதெரபி அம்மா சொல்லிக் கொடுத்த, மூத்திரத்தை அடக்கும் பயிற்சியை என் பெயின்ட் கடை நாற்காலியிலேயே செய்தேன். இறுக்கு, பத்து எண்ணு, விடு. வாடிக்கையாளர் நீலமா பச்சையா என்று குழம்பும் நேரத்தில் இரண்டு சுற்று முடித்துவிடுவேன். முகத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இருமினால் போவது நின்றது, தும்மினால் போவது பாதி குறைந்தது. தரையிலிருந்து எழுவது மட்டும் வழிக்கு வரவில்லை.

நிக்காஹ் அன்று காலை மகளிடம் நானே சம்மதம் கேட்டேன். "நீங்க கொடுக்கறதா இருந்தா சம்மதம்" என்றாள். சாட்சிகள் சிரித்தார்கள், எனக்குக் கண் கலங்கியது.

பள்ளிவாசலில் மாப்பிள்ளையின் கை என் கையைவிட அதிகமாக வியர்த்திருந்தது. ஹஜ்ரத் சொல்லச் சொல்லத் தடுமாறாமல் சொன்னேன். எல்லாரும் கையேந்திக் கேட்ட துஆ முடிந்தது. எழ வேண்டும். பக்கத்தில் தம்பி தோள் கொடுக்கத் தயாராக இருந்தான். வேண்டாம் என்று தலையசைத்தேன். இறுக்கி, மூச்சை விட்டுக்கொண்டே எழுந்தேன்.

போனது. நன்றாகவே போனது. தொடையிடுக்கில் சூடு பரவுவது தெரிந்தது. எதிரே மாப்பிள்ளை கைகளை விரித்து நின்றார். நான் குனிந்து கைலியைப் பார்க்கவில்லை. அவரை இழுத்து அணைத்துக்கொண்டேன். விடுவதற்கு நான் அவசரப்படவில்லை.